தவறணையை விலக்கிய குறுக்குப்பாதை

கண்டி மாநகருக்குச் செல்வோர் காண்பதற்கென ஒரு வரிசை உண்டு. தலதா மாளிகை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த வாவி, பேராதனைப் பூந்தோட்டம், மாலையில் கண்டி நடனம். நேரம் எஞ்சுமாயின் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். கூட்டமாக வருவோர் இவ்வரிசையை ஒரே பகலில் முடித்துக்கொண்டு மாலை ரயிலில் இறங்கிவிடுவதும் உண்டு. இக்கட்டுரையில் வாசகர்களை நாம் அழைத்துச் செல்வது வேறொரு வழி. குடியிலும் போதைவஸ்திலும் அகப்பட்டோர் சில வாரங்களோ சில மாதங்களோ வீட்டைவிட்டுத் தங்கியிருந்து தேறி வரும் வதிவிடச் சிகிச்சை என்பது யாது, அது எவ்வாறு பயன் தருகின்றது, எவ்விடத்தில் பயன்படாது போகின்றது என்பவற்றை மலைநாட்டின் ஊர்களையும் சாலைகளையும் விட்டு விலகாமலே பார்த்து வரலாம்.

மது இம்மலைகளுக்குப் புதியதன்று. கித்துள் மரத்திலிருந்து இறக்கிய கள்ளை இக்கிராமத்தார் நெடுங்காலமாக அறிவர். அதே பதநீரைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்வர். கடற்கரைத் தென்னையிலிருந்து வடித்த சாராயம் பெருவாரியாக மலையேறியது ஆங்கிலேயர் காலத்தில்தான். 1815-ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னர், காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் பகுதி பகுதியாக ஏலமிட்டுக் குத்தகைக்கு விட்டது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளரின் சம்பளத்தை எதிர்நோக்கித் தோட்டங்களின் ஓரத்தில் தவறணைகள் தோன்றின. இலங்கையின் பழைய செல்வர் குடும்பங்கள் பலவற்றின் முதற் பணம் இச்சாராயக் குத்தகையிலிருந்து வந்தது என்பதைச் சரித்திர ஆசிரியை குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கின்றார். அரசாங்கத்துக்கு வரி, குத்தகைக்காரருக்கு இலாபம். தொழிலாளிக்கு வாய்த்தது மறுநாட் காலைத் தலைவலி.

கலஹாவை அடுத்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867-இல். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயே. இரண்டாண்டு கழித்து இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்க முற்பட்டது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றித் தவறணை இருந்த இடத்திலேயே இருந்தது. டெய்லரின் கல்லறையைக் காண விரும்புவோர் கண்டி மகியாவை மயானத்துக்குச் செல்லலாம். நகரிலிருந்து நடக்குந் தூரமே.

குடிக்கு எதிரான கிளர்ச்சியும் இந்நாட்டில் பழையது. 1904-இலும், பின்னர் 1912-இலும் மதுவிலக்கு இயக்கம் பெருந்தீயாய்ப் பரவிற்று. 1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட இனக்கலவரத்தின்போது, அவ்வியக்கத்தில் முன்னின்ற சேனநாயக்க சகோதரர்களையும் டீ. பி. ஜயதிலக்கவையும் ஆங்கில அரசாங்கம் சிறையில் அடைத்தது. அவர்கள் சார்பில் சட்டசபையில் வாதாடியவர் நம்மவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை வாசகர்கள் அறிவர். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்து கண்டிக்கும் எழுந்தருளினார்; தோட்டத் தொழிலாளரைக் கண்டு பேசிய இடங்களில் குடியை விடுமாறு வேண்டிக்கொண்டார். ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் வழியும் சட்டத்தில் வந்து, பல தவறணைகள் மூடப்பட்டன.

இவையெல்லாம் போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் இவற்றுள் ஒரு குறை இருந்ததென நமக்குத் தோன்றுகின்றது. குடிக்காதவன் குடிக்கத் தொடங்காதிருக்க அவை உதவின. ஏற்கெனவே குடியின் பிடியிலிருப்பவன் யாது செய்வது? 'விட்டுவிடு' என்று சொன்னார்கள். எப்படி விடுவதென்று சொல்லவில்லை. குடிவெறி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்ற எண்ணம் உலகெங்கும் மெல்லத்தான் வேரூன்றிற்று. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியால் நொந்த இருவர், ஒரு தரகரும் ஒரு வைத்தியரும், ஒருவருக்கொருவர் துணையாயிருந்து குடியை விட்டனர். அங்கிருந்து பிறந்ததே ‘அல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் சங்கம். தங்கியிருந்து பெறும் சிகிச்சை முறைகள் பல அச்சங்கத்தின் வழியைத் தழுவி எழுந்தவை.

இலங்கையில் ஹெரோயின் பரவத் தொடங்கியது 1980-களின் முற்பகுதியில். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அச்சபை கொழும்பை அடுத்த தலங்கமையிலும், காலியிலும், நிட்டம்புவையிலும், கண்டியிலும் வதிவிடச் சிகிச்சை நிலையங்களை நடத்துகின்றது. இவற்றுக்கு வருவோர் தம் விருப்பத்தால் வருவோர். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநோய்ப் பிரிவுகளிலும், பேராதனைப் போதனா வைத்தியசாலை போன்றவற்றிலும், குடியால் நோயுற்றோரைப் பார்க்கின்றார்கள் என்பது பலர் அறியாத செய்தி. 'பைத்தியக்கார வார்டு' என்று நம்மவர் கூசி ஒதுங்குவதே அதற்குக் காரணம்.

சிகிச்சையின் முதற் கட்டம் உடலைப் பற்றியது. பல வருடம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, உறக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வேறு சிலருக்குச் சன்னி கண்டு, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகக் காண்பர். காய்ச்சலும் பதற்றமும் மிகும். கவனியாவிடின் உயிரும் போகலாம். நம் ஊர்களில் இதனைப் பேய் பிடித்ததென்று கருதி, பூசாரியை அழைத்துக் காலம் கடத்துவதைக் கேள்வியுற்றிருக்கின்றோம். அறையிற் பூட்டி வைத்துக் குடியை நிறுத்துவிக்கும் வீட்டாரும் உளர். இரண்டும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்கும் மருந்தை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். உயிர்ச்சத்து பி-1 ஆகிய தயமினையும் தவறாது ஏற்றுவர். சோற்றை விட்டுச் சாராயத்தையே உணவாகக் கொண்டவரின் உடலில் அவ்வுயிர்ச்சத்து அற்றுப்போயிருக்கும். அது இன்றேல் மூளை நிரந்தரமாகப் பழுதுறும், நினைவு தங்காது.

ஹெரோயின் வேறு விதம். நிறுத்திய அரை நாளில் மூக்கொழுகல், எலும்பு முறிவது போன்ற வலி, வயிற்றுப்போக்கு தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, ஒரு வாரத்தில் தணியும். தாங்கவியலாத் துன்பமாயினும் இதனால் உயிர் போவது அரிது. ஆபத்து பிற்பாடு வருகின்றது. சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வீடு திரும்பியவர் ஒரு பலவீன நொடியில் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சை நிலையத்தை விட்டும் சிறையை விட்டும் வெளிவந்த முதல் வாரங்களே இத்தகைய மரணங்கள் மிகுந்த காலம் என்பது பல நாடுகளிற் கண்ட உண்மை. பிள்ளை தேறி வந்துவிட்டான் என்று பெற்றோர் மனமாறும் வேளையே அதிக விழிப்பு வேண்டிய வேளையாகும். இன்று இளைஞரிடையே பரவிவரும் 'ஐஸ்' என்ற மெதம்பெட்டமினுக்கோ ஹெரோயினுக்கு இருப்பது போல மாற்று மருந்து இல்லை. நாட்கணக்கில் உறக்கம், பின் வாரக்கணக்கில் சோர்வும் சந்தேகமும். பேச்சும் ஒழுங்கான தினசரியும் பொறுமையுமே அதற்கு மருந்து.

உடல் தேறுவதற்கு ஒரு வாரம் பத்து நாட்கள் போதும். அவ்வளவோடு முடிந்ததென்று கருதி நோயாளியை அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். எஞ்சிய வாரங்கள் எதற்கு? குறித்த நேரத்தில் எழுதல், பாயைச் சுருட்டல், தோட்ட வேலை, சமையலுக்கு உதவுதல், வட்டமாக அமர்ந்து பேசுதல், ஆலோசகரோடு தனித்துப் பேசுதல், குறித்த நேரத்தில் உறங்கல். பார்ப்பவர்க்கு இது பள்ளிக்கூட விடுதி போலத் தோன்றும். பல ஆண்டு காலம் ஒரேயொரு வேலையை மாத்திரம் செய்து பழகிய மனம், மற்ற நேரங்களை எவ்வாறு கழிப்பதென்பதை மீண்டும் கற்றுக்கொள்வதே இதன் உட்பொருள். வட்டத்தில் அமர்ந்து பேசுவது நம்மவர்க்கு முதலில் பெருங்கூச்சம். ஆயின் ஒருவர் தம் மகளின் தோட்டை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் தலை குனிந்து, 'நானும்' என்கின்றார். அந்த ஒரு சொல்லுக்கு உபதேசிகளின் ஆயிரஞ் சொல் ஈடாகா.

கண்டியிலிருந்து பேராதனை, ஹிந்தகலை வழியாகக் கலஹாவுக்குச் செல்லும் பஸ் ஏறத் தொடங்கியதும், ஜன்னலோரம் பசுமை விரிகின்றது. அப்பாதையில் ஒருமுறை நம் அருகில் அமர்ந்தவர், ஐம்பதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளி. பேச்சு மழையில் தொடங்கி, கொழுந்து விலைக்குச் சென்று, எப்படியோ குடியில் வந்து நின்றது. தாம் ஆறு வாரம் ஒரு நிலையத்தில் தங்கித் தேறியவரென அவரே சொன்னார்.

"நெலயத்துல இருக்கிறப்ப ஒரு கஷ்டமும் இல்லீங்க ஐயா. வேளா வேளைக்குச் சோறு, நல்ல பேச்சு. கேட்டுக்கு வெளிய வந்தப்பதான் தெரிஞ்சிச்சு. லயத்துக்குப் போற ரோட்டுல தவறணை இருக்கே!"

"பிறகு என்ன செய்தீர்கள் அண்ணே?"

"மொத தடவ சம்பளத்தன்னிக்கு விழுந்துட்டேன். மறுபடி கொண்டுபோய் விட்டாங்க. ரெண்டாந்தடவ வந்தப்ப ரோட்டையே விட்டுட்டேன். தேயிலைக்குள்ள ஒரு குறுக்கு இருக்கு. அட்டக் கடி, ஏத்தம் வேற. ஆனா தவறணை கண்ணுல படாது. இப்ப ஏழு வருசமா அந்தக் குறுக்குலதான் போறேன்."

சம்பளத்தை யார் வாங்குகின்றார் என்று கேட்டோம். "எம்பொண்டாட்டிதான். எனக்கு வெத்தல பாக்குக்குக் குடுக்கும்" என்று சிரித்தார். தாம் இறங்க வேண்டிய இடம் வந்ததும் குடையை விரித்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கி மறைந்துவிட்டார்.

அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் தம் காலால் எழுதியிருந்தார். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970-களில் ஆராய்ந்தார். அங்கே ஹெரோயினுக்கு அடிமையாயிருந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையாகவில்லை என்பது உலகையே வியப்பில் ஆழ்த்திற்று. போதைவஸ்து கிடைத்த இடமும் நண்பரும் சந்தர்ப்பமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டமை அதற்கொரு முக்கிய காரணம். வதிவிடச் சிகிச்சை ஒருவரை அவரது இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் காப்பதனாற் பயன் தருகின்றது. ஆனால் நம் தொழிலாளி திரும்பிச் சென்றது அதே லயத்துக்கு, அதே ரோட்டுக்கு. போர்வீரனுக்கு வாய்த்த கடல் அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே ஒரு குறுக்குப்பாதையை அவரே கண்டுபிடிக்க நேர்ந்தது.

அவர் ஒருமுறை 'விழுந்ததை' வாசகர்கள் தோல்வியென எண்ணலாகாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் மக்லெல்லன் முதலானோர் எழுதிய கட்டுரை, போதையிலிருந்து மீண்டோர் மறுபடி வழுவும் விகிதத்தை இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றோடு ஒப்பிட்டது. சிகிச்சை பெற்றோரில் 100-க்கு 40 முதல் 60 பேர் வரை ஓராண்டுக்குள் வழுவுகின்றனர். மற்றைய நீண்டகால நோய்களிலும் ஏறத்தாழ அதுவே நிலை. ஆஸ்துமாக்காரர் மீண்டும் இழுத்தால், 'சிகிச்சை வீண், இவன் திருந்தமாட்டான்' என்று யாரும் தூற்றுவதில்லை. மறுபடி வைத்தியரிடமே அழைத்துச் செல்கின்றனர்.

குடும்பத்தையும் சிகிச்சையிற் சேர்த்துக்கொள்வதற்கு நல்ல முன்மாதிரி சென்னையில் உண்டு. டி. டி. ரங்கநாதன் என்பவர் குடியின் விளைவாக 1979-இல் இளவயதிலேயே காலமானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் துயரில் ஒடுங்கிவிடாமல், அமெரிக்காவின் ஹேசல்டனில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். இன்று டி. டி. கே. ஆஸ்பத்திரி என்று சென்னையில் யாவரும் அறிவது அதுவே. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி, மனைவிக்கும் தாய்க்கும் தனியே வகுப்பு உண்டு. கணவன் குடிப்பது தன் குற்றமென்று பல்லாண்டு நம்பி வந்த பெண், அது நோயென்று முதன்முதலில் கேட்பது அங்கேதான். நகரத்துக்கு வர இயலாதவர்க்காக மஞ்சக்குடி போன்ற தஞ்சைச் சீமைக் கிராமங்களிலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தனர்; ஊராரே இடமும் உணவும் உதவினர். மலைநாட்டின் தோட்டங்களுக்கு இம்முகாம் முறை மிகவும் பொருந்துமென்பது நம் கருத்து. பேர் பதிந்தால்தான் சம்பளம் என்றிருக்கும் தொழிலாளி, மாதக்கணக்கில் கண்டியிற் போய்த் தங்குவதெப்படி? அவர் தங்கும் காலத்தில் அடுப்பெரிப்பது யார்? இக்கேள்விகளுக்கு விடை காணாது, 'சிகிச்சைக்கு வாருங்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும் அழகாக அச்சிட்டு ஒட்டுவதால் ஆவதென்ன?

பெண்கள் பலர் கேட்கும் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுவது நன்று. 'அவருக்குத் தெரியாமல் கறியிற் கலந்து கொடுக்கலாம், குடி நின்றுவிடும்' என்று சில பொடிகளும் மாத்திரைகளும் விளம்பரமாகின்றன. டைசல்பிராம் என்றொரு மருந்து மெய்யாகவே உண்டு; 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் அதன் தன்மையைக் கண்டனர். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பார். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே நோயாளி அறிந்து சம்மதித்து, வைத்தியர் பார்வையில் மட்டுமே அதனைக் கொடுப்பர். தெரியாமற் கொடுப்பது மருந்தன்று, நஞ்சு. அத்தோடு, சோற்றில் ஏதோ கலந்திருப்பதை அறிந்தவர் அதன்பின் மனைவி பரிமாறும் எதனையும் நம்பமாட்டார்.

கண்டி நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் போகம்பரைச் சிறைச்சாலையின் மதிலும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 1876-இல் எழுந்த அச்சிறை 2014-இல் மூடப்பட்டது. கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினர். போதைவஸ்துக் குற்றத்துக்காகச் சிறை செல்வோர் தொகை இந்நாட்டில் மிகப் பெரிது. வெறும் பாவனையாளரையும் விற்பனைக்காரரையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதால், முன்னவர் பின்னவரிடம் பாடங் கேட்டு வெளிவருகின்றனர். நீதிமன்றக் கட்டளையாற் சிகிச்சைக்கு அனுப்ப 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அவ்வழியிற் பலர் சென்ற இடம் பொலன்னறுவையைச் சேர்ந்த கந்தக்காடு. இராணுவத்தினர் பொறுப்பிலிருந்த அந்நிலையத்தில் 2022 ஜூன் இறுதியில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலகம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடிவிட்டு, விருப்பத்தாற் பெறும் சிகிச்சையை ஊரிலேயே அளிக்குமாறு ஐக்கிய நாடுகள் சபையின் 12 அமைப்புகள் 2012-இலேயே கூட்டாக வேண்டியிருந்தன. வெளியே பூட்டிய கதவு உள்ளே இருப்பவரை நிறுத்தி வைக்கும், அவ்வளவே. உண்மை பேசும் வட்டம், காவற்காரர் நிற்கும் இடத்தில் அமைவதில்லை.

ஹந்தானை மலையில் ஏறி, 2001-இல் திறந்த தேயிலை நூதனசாலையைக் கடந்து சிறிது தூரம் சென்றால், கண்டி முழுவதும் கீழே தெரியும்: வாவி, மாளிகை, சிறை மதில், ரயில் நிலையம், பேராதனைப் பக்கத்து ஆஸ்பத்திரிக் கட்டிடங்கள். அந்தப் பரப்பிலேயே ஒருவர் நோயுறுவதற்கும் தேறுவதற்கும் வேண்டியவை யாவும் உள. இல்லாதது இவற்றிடையே கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஆள். நிலையத்திலிருந்து வெளிவந்தவரை மாதமொருமுறை தேடிச் சென்று பார்ப்பதற்கும், சம்பள நாளன்று கூட நடப்பதற்கும், தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் தோட்டத்துக்குத் தோட்டம் வேண்டும். இதற்குக் கட்டிடம் வேண்டியதில்லை, இயந்திரம் வேண்டியதில்லை. பஸ் செலவும் சம்பளமும் போதும்.

வீட்டில் இந்நோயால் வருந்துவோர் முதலில் அணுகக்கூடிய இடம் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து மனநல வைத்தியரிடம் அனுப்புவர். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையைத் தொலைபேசியில் 1927 என்ற இலக்கத்திற் கேட்கலாம். காந்தியடிகள் கண்டிக்கு வந்த ஆண்டும் அதுவேயாதலால் மறப்பது கடினம். நோயாளி வர மறுப்பாராயின் தாயோ மனைவியோ தனியாகவே முதலிற் சென்று ஆலோசனை பெறலாம். பகலில் அவர் தெளிவாயிருக்கும் வேளையிற் பேச வேண்டும். இரவில் வெறியோடு வருகையிற் பேசிப் பயனில்லை. பல வருடம் குடித்தவரை வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்துவிக்க வேண்டாம். கண்டிக்கு அழைத்துவரும்போது மாற்றுடையும், அவர் உண்ணும் மற்ற மருந்துகளின் சீட்டும், அடையாள அட்டையும் கையிலிருக்கட்டும். காலை முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டால், தவறணை திறக்குமுன் பேராதனையைத் தாண்டிவிடலாம்.